மூன்று ஜப்பானிய எஸ்.யூ.வி.களும் அப்பாவின் சக்கர நாற்காலியும்

மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்த 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காரின் சீட்டு வரை தண்ணீர் ஏறியது. வடிந்த மறுநாள், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் சாவியைத் திருப்பியதுதான் நாங்கள் செய்த பெருந்தவறு. சிலிண்டருக்குள் புகுந்திருந்த நீரை அழுத்த முயன்ற எஞ்சினில் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டை நாங்கள் எடுத்திருக்கவில்லை என்பதால் செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்து போனது. பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த அப்பாவை மூன்று வாரங்கள் ஆட்டோவில் ஏற்றி இறக்கிப் பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்றோம். 2024 அக்டோபரில் மீண்டும் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களுள் எங்களுடையதும் ஒன்று. அந்த வாரமே புதிய கார் வாங்குவதென்று கணவரும் நானும் முடிவு செய்தோம்.

பழைய மாருதி பன்னிரண்டு ஆண்டுகள் பெரிதாகத் தொல்லை தராமல் ஓடியதாலும், பெரியப்பா வீட்டு டொயோட்டா குவாலிஸ் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதாலும், ஜப்பானிய நிறுவனங்களுக்குள்ளேயே தேடுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் பிரெஸ்ஸாவும் மேக்னைட்டும் ஐந்து பேருக்கும் சாமான்களுக்கும் போதாது என்று விட்டுவிட்டோம். இன்னோவா ஹைகிராஸ் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 4,755 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டியை எங்கள் தெருமுனையில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது. எஞ்சியவை மூன்று: மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், ஹோண்டா எலிவேட்.

இவற்றுள் முதல் இரண்டும் சுசூகி–டொயோட்டா கூட்டுறவில் பிறந்து, 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்து, பெங்களூருவை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையிலேயே தயாராகும் உடன்பிறப்புகள் என்பது, விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இந்த இரண்டில் எது உழைக்கும் என்று தனித்தனியே கேட்பதில் பொருளில்லை. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. பழைய காரை ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்த மெக்கானிக் இதையே ஒரு வரியில் சொன்னார்: “கம்பெனி பேரை விடுங்கம்மா, உள்ள எந்த கியர்பாக்ஸ் இருக்குன்னு பாருங்க.”

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு படித்தும் கேட்டும் நான் புரிந்துகொண்டது இது. முதல் இரண்டு கார்களின் மைல்டு ஹைப்ரிட் வகையில், அதாவது சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டுமே செய்யும் வகையில், 103 பி.எஸ். (குதிரைத்திறன்) உள்ள 1.5 லிட்டர் எஞ்சினுடன் வருவது, விசையை எண்ணெய் வழியே கடத்தும் ஆறு வேக டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பழகிய, அடி தாங்கும் அமைப்பு. மோட்டார் மட்டுமே காரை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் வரும் இ–சி.வி.டி., பெயரில் சி.வி.டி. (படிகள் இல்லாமல், பெல்ட் வழியே வேகத்தை மாற்றும் கியர்பாக்ஸ்) என்றிருந்தாலும் பெல்ட்டே இல்லாதது. 1997இல் பிரியஸ் காரில் டொயோட்டா தொடங்கிய அந்த அமைப்பில் பற்சக்கரத் தொகுதி ஒன்றே எஞ்சினையும் மோட்டார்களையும் இணைக்கிறது. தேயக்கூடிய பாகங்கள் குறைவு என்பதால், உழைப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் நான் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எலிவேட்டில் இருப்பது எஃகு பெல்ட்டால் இயங்கும் வழக்கமான சி.வி.டி.; சென்னை வெயிலில், ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில், அதன் ஆயுள் பெருமளவு கியர்பாக்ஸ் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதைப் பொறுத்தது. ஆனால் அதனுடன் இணைந்திருக்கும் 121 பி.எஸ். நான்கு சிலிண்டர் எஞ்சின், 2020 முதல் சிட்டி காரில் ஓடிப் பழகியது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம், பெரும்பகுதி நகருக்குள். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், எலிவேட் சி.வி.டி.க்கு 16.92. இரண்டையும் குறைத்து, முறையே 20 என்றும் 11 என்றும் வைத்து, பெட்ரோலை 101 ரூபாய் என்று கொண்டால், ஹைப்ரிட்டில் ஆண்டுக்கு 37,000 ரூபாய் மிச்சமாகிறது. நாங்கள் ஒப்பிட்ட வகைகளுக்கு இடையே ஆன்ரோடு விலையில் இருந்த வேறுபாடோ மூன்றரை லட்சம். அதை மீட்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். ஹைப்ரிட் பேட்டரிக்கான உத்தரவாதமே எட்டு ஆண்டுகள்தான். நாள்தோறும் ஓ.எம்.ஆரில் அறுபது கிலோமீட்டர் போய்வருபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கணக்கு இப்படியிருந்தாலும், சிக்னலில் சத்தமே இல்லாமல் புறப்படும் ஹைப்ரிட்டின் மீதுதான் என் மனம் இருந்தது. அதை மாற்றியது அப்பாவின் மடக்குச் சக்கர நாற்காலி. டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவையும் நாற்காலியையும் உடன் கொண்டு சென்றேன். விற்பனையாளர்கள் வியந்தாலும் மறுக்கவில்லை. ஹைப்ரிட்டின் பேட்டரி டிக்கியின் தளத்துக்குக் கீழே இருப்பதால் அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. நாற்காலியை வைத்தால் வேறு பெட்டிக்கு வழியில்லை. எலிவேட்டின் 458 லிட்டர் டிக்கியில் நாற்காலி படுத்துக்கொண்டது, பக்கத்தில் இரண்டு பெட்டிகளுக்கும் இடம் இருந்தது. ஏறுவது எளிதாக இருக்கிறதா என்று மட்டுமே நான் கவனித்துக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: “ஏர்றது இல்லம்மா, இறங்கும்போது கால் தரையில படுதான்னு பாக்கணும்.” ஒவ்வொரு காரிலும் ஐந்து முறை இறங்கிக் காட்டினார். எலிவேட்டில் பாதம் முழுவதும் தரையில் ஊன்றியது. முதியவர்களுக்காக வாங்குபவர்கள் அவர்களை அழைத்துச் செல்லாமல் முன்பணம் கட்ட வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எலிவேட்டையே 2025 ஜனவரியில் எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. முதலில் பேசிய விற்பனையகத்தில், பணம் கட்டும் முன் யார்டில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். உற்பத்தி விவரத் தகட்டில் முந்தைய ஆண்டின் ஜூலை என்றிருந்தது. டயர்களின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களும், அதாவது வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை, அதனுடன் ஒத்துப்போயின. தயாராகி அரை ஆண்டான வண்டியைப் புதிய விலைக்குத் தர முயன்றது எனக்கு வருத்தமளித்தது. வேறொரு விற்பனையகத்தில் டிசம்பரில் தயாரான வண்டி கிடைத்தது. காப்பீட்டைத் தங்களிடமே எடுக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். வெளியில் எடுப்பது வாங்குபவரின் உரிமை என்று எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். இம்முறை எஞ்சின் பாதுகாப்பைச் சேர்க்கத் தவறவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 18 விழுக்காடு. ஷோரூம் விலையை மட்டும் வைத்துத் திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர் என்பதைக் கேட்டு, இனி மழைக்குக் கவலையில்லை என்று உறவினர்கள் பலர் சொன்னார்கள். அந்த அளவு வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டாமல் இருப்பதற்கானது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய்க்குத் தண்ணீர் எட்டினால் எந்த எஸ்.யூ.வி.யும் எங்கள் பழைய காரின் கதிக்குத்தான் ஆளாகும். எனவே கனமழை எச்சரிக்கை வரும் நாட்களில், நங்கநல்லூரில் மேடான தெருவில் இருக்கும் சித்தி வீட்டு வாசலுக்கு எலிவேட்டை முதல் நாளே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். அப்பாவின் நாற்காலியை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.