ஸ்டாவொரன்: கடல் விலகிப் போன துறைமுகம்

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரான லேவார்டனிலிருந்து புறப்படும் சிறிய ரயில், ஸ்னேக் நகரைக் கடந்தபின் ஏரிகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே ஓடி, தண்ணீரின் விளிம்பில் வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கடைசி நிலையம்தான் ஸ்டாவொரன். இன்று சுமார் ஆயிரம் பேர் வாழும் இந்தச் சிற்றூர், ஃப்ரீஸ்லாந்தின் பதினொரு பழைய நகரங்களுள் மூத்தது. 11ஆம் நூற்றாண்டிலேயே நகர உரிமை பெற்று, பால்டிக் கடல் துறைமுகங்களோடு வணிகம் செய்து செழித்த ஊர் இது. அந்தச் செழிப்பு எப்படி அழிந்தது என்பதற்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று, நிலமும் நீரும் சொல்லும் கதை இன்னொன்று. இரண்டையும் தேடித்தான் நான் அங்கே போனேன்.

துறைமுகத்தில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. ஸ்டாவொரன் சீமாட்டி என்று அவளைச் சொல்கிறார்கள். கணவனை இழந்த பெருவணிகரான அவள், உலகிலேயே விலைமதிப்பற்ற பொருளைக் கொண்டு வரும்படி தன் கப்பல் தலைவனை அனுப்புகிறாள். பல துறைமுகங்களில் தேடி அலைந்த அவன், பால்டிக் கரையிலுள்ள டான்சிக் நகரில் பொன்னிறக் கோதுமையைக் கண்டதும், மனிதருக்கு இதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை என்று முடிவு செய்து, கப்பல் நிறைய ஏற்றி வருகிறான். அவளோ ஆத்திரத்தில் அத்தனையையும் கடலில் கொட்டச் சொல்கிறாள். ஒருநாள் நீயே சோற்றுக்கு ஏங்குவாய் என்று எச்சரித்தவரிடம், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கடலில் எறிந்து, இது என்னிடம் திரும்பி வந்தால்தான் நான் ஏழையாவேன் என்கிறாள். சில நாட்களில் விருந்துக்குச் சமைத்த மீனின் வயிற்றில் அந்த மோதிரம் இருக்கிறது. அவளுடைய கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்குகின்றன, அவள் பிச்சையெடுக்கிறாள். கோதுமை கொட்டிய இடத்தில் மணல்திட்டு எழுந்து, கதிர் பிடிக்காத பயிர் முளைத்து, துறைமுகத்தின் வாயையே அடைத்துவிடுகிறது.

மீன் வயிற்று மோதிரம் நமக்கும் பழகிய கதைதான். இந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது கோதுமை. பால்டிக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்கள் சுமந்து வந்த தானியமே பல நூற்றாண்டுகள் அந்நாட்டு வணிகத்தின் அடித்தளமாக இருந்தது. அதையே டச்சுக்காரர்கள் தங்கள் 'தாய் வணிகம்' என்று அழைத்தார்கள். அந்தக் கப்பல் தலைவன் சொன்னது வெறும் நீதிமொழியல்ல, கடலோடிகள் அனுபவத்தில் கண்ட உண்மை. மணல்திட்டும் உண்மையானதே. ஊருக்குத் தெற்கே நீருக்கடியில் இருக்கும் அந்தத் திட்டுக்குச் சீமாட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைக் குவித்தது நீரோட்டமும் அலையும். துறைமுகம் தூர்ந்தது, வணிகம் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது, புனித ஒடுல்ஃபஸ் பெயரில் இருந்த பழைய மடாலயத்தையும் கடல் விழுங்கியது. இத்தனைக்கும் ஒரு கைம்பெண்ணின் செருக்கைக் காரணமாக்கியது அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. பெருவணிகர்கள் பலர் வாழ்ந்த ஊரில், பழி சுமக்க ஒரு பெண்தான் அகப்பட்டாள்.

சிலைக்குச் சற்றுத் தள்ளி, 2018இல் மார்க் டியான் என்ற அமெரிக்கக் கலைஞர் அமைத்த நீரூற்று இருக்கிறது. வாயை அகலத் திறந்த பெரிய மீன் அது. சிறுவர்கள் அந்த வாய்க்குள் ஏறி உட்கார்ந்து கூச்சலிட்டுக் கொண்டிருந்தார்கள்.

துறைமுகத்துக்கு அப்பால் விரிந்து கிடப்பது இன்று கடல் அல்ல. ஒரு காலத்தில் சௌடர்சே என்ற உப்புக்கடலாக இருந்தது அது. 1916 வெள்ளத்துக்குப் பிறகு, பொறியாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டப்படி வடக்கே 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை எழுப்பினார்கள். 1932 மே 28 அன்று கடைசி இடைவெளியும் அடைபட்டது. ஆறுகள் கொண்டு வந்த நன்னீரில் உப்பு மெல்ல மெல்லக் கரைந்துபோக, எய்சல்மேர் ஏரி பிறந்தது. வெள்ளப் பயம் நீங்கியது. ஆனால் அந்த உப்புநீரை நம்பி வாழ்ந்த ஹெர்ரிங், நெத்திலி மீன்களும், அவற்றை நம்பிய மீனவர்களின் பிழைப்பும் போயின.

கரையோரமாகத் தெற்கே நடந்தால் செம்மேடு எனப்படும் ரோடெ கிளிஃப் வருகிறது. மேடு என்றாலும் பத்து மீட்டர் அளவுதான். தட்டையான அந்த நாட்டில் அதுவே தொலைவிலிருந்து தெரிகிறது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் தள்ளிக் குவித்த மண் இது. மண் சரிந்த இடத்தில் விரலால் கிளறியபோது, செம்மை கலந்த களிமண்ணுக்குள் கூழாங்கற்கள் தட்டுப்பட்டன. 1345 செப்டம்பர் 26 அன்று ஃப்ரீஸ்லாந்தைக் கைப்பற்ற ஹாலந்தின் பிரபு நான்காம் வில்லெம் படையோடு இந்தக் கரையில்தான் இறங்கினார். கனத்த கவசம் அணிந்த அவருடைய வீரர்களுக்குக் குதிரைகள் இல்லை. நிலத்தை அறிந்த உழவர்களும் மீனவர்களும் அவர்களைச் சதுப்பில் மடக்கினார்கள், பிரபுவும் மாண்டார். மேட்டின் மீதுள்ள நினைவுக் கல்லில், அடிமையாவதைவிடச் சாவே மேல் என்று ஃப்ரீசிய மொழியில் பொறித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் மக்கள் இங்கே கூடுகிறார்கள்.

மேட்டைத் தாண்டினால் நாணல் அடர்ந்த மொக்கெபாங்க் சதுப்பு. நீர்க்காகங்கள் கட்டைகளில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துப் புல்வெளிகளுக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த கருவால் மூக்கன்கள் வசந்தத்தில் திரும்புகின்றன. 2015இல் நெதர்லாந்தின் தேசியப் பறவையாகத் தேர்வான இது தரையில் முட்டையிடுவதால், தீவனத்துக்காகப் புல்லைச் சீக்கிரம் வெட்டும் இயந்திரங்கள் குஞ்சுகளைக் கொன்றுவிடுகின்றன. வெட்டைத் தள்ளிப்போடும் உழவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வயல்களில் புல் முழங்கால் உயரம், இடையிடையே மஞ்சள் பூக்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏரியின் மறுகரையிலுள்ள என்க்ஹௌஸனுக்கு மிதிவண்டியோடு ஏறிச் செல்லக்கூடிய படகு ஒன்று இருக்கிறது, ஆனால் அது வெயில் காலத்தில்தான் ஓடும். ஆயிரக்கணக்கில் காட்டு வாத்துகள் இறங்குவதைப் பார்க்க விரும்பினால் குளிர்காலத்தில், அதுவும் ரயிலில்தான் வர வேண்டும்.