ஒன்பது வெற்றி போதாதா?

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ரசிகரான நண்பரோடு நேற்றும் அதே வாக்குவாதம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்தான். "உங்க அயோவா இத்தனை வருஷமா ஒரே கோச்சை வெச்சிருக்கு, அவர் ஒரு தேசியப் பட்டம்கூட வாங்கித் தரலையே" என்கிறார். சரி, உண்மைதான். ஆனால் எங்கள் கோச் கிர்க் ஃபெரென்ட்ஸ் வந்த 1999இல் ஒரே ஒரு வெற்றி, அடுத்த வருடம் மூன்று. அப்போதே அவரை அனுப்பியிருந்தால் 2002இன் 11 வெற்றிகள் ஏது?

நெப்ராஸ்காவோ 2003இல் 9 ஆட்டம் வென்று 3 மட்டுமே தோற்றிருந்த கோச் ஃப்ராங்க் சோலிச்சை நீக்கியது. அப்புறம் போ பெலினி ஏழு சீசனிலும் குறைந்தது 9 வெற்றி தந்தார். அவரையும் 2014இல் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பு கோச் டாம் ஆஸ்போர்னை 25 சீசன் நம்பி வைத்திருந்து, மூன்று தேசியப் பட்டம் வென்ற அணி இது! எதிரணி ரசிகனான எனக்கே மனசு கேட்கவில்லை.