85 டிகிரியில் ஒரு சர்க்கரைக் குழாய்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே தொங்காட், ஸ்டேஞ்சர் பக்கமிருந்து சர்க்கரை ஆய்வுக்கூட வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. துகள் நிரப்பிய குழாய் வழியே திரவத்தைச் செலுத்திக் கலவையைப் பிரிக்கும் ஒரே எச்.பி.எல்.சி. கருவியில் சி-18 குழாயை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்கிறார்கள், சர்க்கரைக் குழாயையோ நாள் முழுதும் 85 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள்; இது எப்படி? குழாய்க்குள் இருக்கும் துகள் எதனால் ஆனது, அதன் வழியே ஓடும் திரவம் எது என்பவற்றை விட்டுவிட்டு வெப்பநிலையை மட்டும் பேசுவதால் எழும் குழப்பம் இது.

வழக்கமான சி-18 குழாயில் இருப்பது, 18 கார்பன் நீளச் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்கா. காரத்தன்மையுள்ள நீரில் சிலிக்காவே மெல்லக் கரைகிறது; சூடு அதை விரைவுபடுத்துகிறது, பாஸ்பேட் கரைசல் இன்னும் விரைவுபடுத்துகிறது. அமிலத்திலோ சிலிக்கா தப்பித்தாலும், அதன்மேல் ஒட்டிய கார்பன் சங்கிலிகள் அறுந்துபோகின்றன. அந்த இணைப்பைப் பருத்த பக்கக் கிளைகளால் மறைத்துச் செய்த குழாய்கள் அமிலத்தில் 80, 90 டிகிரி வரை தாங்கும். சிர்கோனியா, கிராபைட் கார்பன் குழாய்கள் 200 டிகிரி வரை கூடச் செல்லும். அந்த வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் திரவமாகவே வைக்கப்பட்ட நீரின் மின்காப்பு மாறிலி (திரவத்தின் முனைவுத்தன்மையைக் காட்டும் எண்) 35 அளவுக்கு இறங்கி, சாதாரண வெப்பநிலையில் உள்ள அசிட்டோநைட்ரில் என்ற கரிமக் கரைப்பானை நெருங்கிவிடுகிறது. ஆனால் அங்கே குழாய் நிலைத்தாலும் சுக்ரோஸ் நிலைக்காது என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

சர்க்கரைக் குழாயில் சிலிக்காவே கிடையாது. சல்போனேற்றம் செய்து (கந்தக அமிலத் தொகுதிகளை இணைத்து) கால்சியம் ஏற்றிய பாலிஸ்டைரீன் ரெசின் அதிலிருக்கிறது. ஓடுவது வெறும் நீர். குளுக்கோஸின் இரு வடிவங்கள் ஒன்றுக்கொன்று விரைந்து மாறி ஒரே முகடாக (வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் மேடாக) வெளிவருவதற்கு இந்தச் சூடு வேண்டும். மேலும், 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல் நொடியாக இருக்கும் நீரின் பாகுநிலை 85 டிகிரியில் ஏறத்தாழ 0.33 ஆகக் குறைவதால், அழுத்தமும் அதே அளவில் இறங்குகிறது. ரெசின் மென்மையானது என்பதால், குளிர்ந்த நிலையில் முழு வேகத்தில் நீரைச் செலுத்தினால் அது நசுங்கிவிடும். இந்தக் குழாய்க்குச் சூடு பகையன்று.

லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்திலிருந்த 2022, 2023 ஆண்டுகளில் இந்தச் சூட்டின் அருமை தெரிந்தது. பம்பு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, குழாயைச் சூடாக்க அதிக மின்சாரம் இழுக்கும் அடுப்பு மட்டும் நின்றுபோகும் அமைப்புதான் மிகவும் ஆபத்தானது. இரண்டும் சேர்ந்து நிற்பதே மேல். மின்சாரம் திரும்பியதும் நிமிடத்திற்கு 0.1 அல்லது 0.2 மில்லிலிட்டர் மட்டும் செலுத்தி, அடுப்பு 85ஐ எட்டிய பிறகே வழக்கமான வேகத்திற்கு உயர்த்த வேண்டும். பம்பின் அழுத்த வரம்பையும் குழாயின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வைத்துவிட வேண்டும்.

உண்மையான தேய்மானம் மாதிரியிலிருந்து வருகிறது. மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகில்) மிகுந்துள்ள பொட்டாசியம் கால்சியத்தை வெளியேற்றுவதால் முகடுகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. கால்சியம் நைட்ரேட் கரைசலை மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அமிலத்தால் கால்சியம் போன இடத்தில் ஹைட்ரஜன் அமர்ந்தால் நிலைமை மோசம்: அந்தச் சூட்டில் சுக்ரோஸ் குழாய்க்குள்ளேயே குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைகிறது. ஆலையில் சாறு கெட்டதாகச் சண்டை தொடங்குமுன் தூய சுக்ரோஸை மட்டும் செலுத்திப் பாருங்கள். அதன் முகட்டுக்கும் குளுக்கோஸ் வர வேண்டிய இடத்திற்கும் நடுவே, தட்டையாக இருக்க வேண்டிய அடிக்கோடு தூக்கி நின்றால், பழுது குழாயில் இருக்கிறது.