பில் போடும் ஜன்னலிலிருந்து

கேரளத்தில் ஒழுங்கான வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் பெவ்கோ கடை, அதாவது அரசு பெவரேஜஸ் கார்ப்பரேஷனின் மதுக்கடை, வாசலுக்குப் போ என்று கேலி பேசுவார்கள். பஸ்ஸில் ஏற முட்டி மோதுகிற அதே ஆள் இங்கே வந்தால் வாயே திறக்காமல் நிற்பார். அந்த வரிசைக்கு எதிரே, கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து பில் போடுவது என் வேலை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற எல்லையோரக் கடை. பாதிப் பேர் என்னைச் சேச்சி என்பார்கள், மீதிப் பேர் அக்கா. அரசுப் பணித் தேர்வாணையப் பரீட்சை எழுதி வாங்கிய அரசு வேலைதான். ஆனாலும் கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் அம்மா "கார்ப்பரேஷன்ல இருக்கா" என்று பாதியோடு நிறுத்திக்கொள்வாள். எந்தக் கார்ப்பரேஷன் என்று அவளும் சொல்ல மாட்டாள், கேட்டவர்களும் தோண்ட மாட்டார்கள்.

அந்த அமைதியை ஒழுக்கம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வரிசையில் சத்தம் போட்டால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் அண்ணன் இருக்கலாம், பையனின் வாத்தியார் இருக்கலாம். அதற்குப் பயந்துதான் இத்தனை அடக்கம். எங்கள் தெருக்காரர் ஒருவர்கூட என் ஜன்னலுக்கு வருவதில்லை. குடிக்காதவர்கள் தெருவா அது! பஸ் ஏறி அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறார்கள், இல்லையென்றால் ஆள் அனுப்புகிறார்கள்.

வந்து நிற்கிறவர்களின் முகத்தையும் நான் அதிகம் பார்ப்பதில்லை. ஜன்னலில் பணம் நீட்டுகிற இடம் தாழ்வாக இருக்கும், நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரிவது கைகள்தான். நெல் வயலிலிருந்து நேராக வந்தவரின் நகக்கண்ணில் சேறு காயாமல் இருக்கும். பெயின்ட் வேலைக்காரர் நீட்டும் நோட்டில் அன்றைக்கு அடித்த கலர் ஒட்டியிருக்கும். நாலாக எட்டாக மடித்து, வியர்வையில் ஊறிய நோட்டை விரித்து எண்ணுவதற்குள் அடுத்த கை உள்ளே வந்துவிடும். பணம் கொடுத்தவர் பில்லோடு பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் குப்பியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வார்த்தை, ஒரு நோட்டு, அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. வயது கேட்க வேண்டி வந்தால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். மது வாங்கும் வயதை 2017-இல் இருபத்தொன்றிலிருந்து இருபத்து மூன்றாக்கினார்கள். மீசை முளைத்துவிட்ட பையனிடம் ஆதார் கார்டு கேட்டால் என்ன பதில் வரும் என்பதை இங்கே எழுத முடியாது.

கைகளில் எனக்கு மறக்காதது கள் இறக்குகிறவர்களின் கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் வண்டி வண்டியாகப் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்களும் எங்களைத் தாண்டிக் கள்ளுக்கடைக்குத்தான் போவார்கள். ஊரெல்லாம் தேடி வருகிற அந்தக் கள்ளை இறக்குகிறவர் சாயங்காலம் என்னிடம் வந்து "ஜவான் இருக்கா அக்கா?" என்பார். திருவல்லாவில் அரசே தயாரிக்கிற ரம் அது. பல நாள் இருக்காது. இல்லை என்று சொன்னதும் அந்தக் கை நோட்டோடு வெளியே போய், ஒரு நிமிஷம் யோசித்து, மறுபடி உள்ளே வரும்.

மாதக் கடைசி வேறு கதை. ஒன்றாம் தேதி கேரளம் முழுக்க மதுக்கடை கிடையாது, அதனால் முந்தின நாள் சாயங்காலம் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போகும். அதிலும் செப்டம்பர் 30. அக்டோபர் 1 மாத முதல் நாள், 2 காந்தி ஜெயந்தி. இரண்டு நாளுக்கும் சேர்த்து அன்றைக்கே வாங்க வேண்டும், ஆனால் ஒருவருக்கு மூன்று லிட்டருக்கு மேல் கிடையாது, பீர் என்றால் மூன்றரை. கணக்குத் தெரிந்தவர்கள் மச்சானையும் கூட்டிவருவார்கள்.

2020-இல் கொரோனாவுக்காக மூடிய கடைகளை மே 28 அன்று திறந்தபோது வரிசையே செல்போனுக்குள் போய்விட்டது. பெவ்க்யூ என்ற ஆப்பில் டோக்கன் எடுத்து, சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். ஒருமுறை வாங்கினால் நாலு நாள் கழித்துத்தான் அடுத்தது. எங்களுக்கும் புதுசு, டோக்கனைச் சரிபார்த்தே கழுத்து வலித்தது. ஆனால் அந்த மாதங்களில்தான் என் தெருக்காரர்கள் என் ஜன்னலுக்கு வந்தார்கள். காத்து நிற்க வேண்டியதில்லை, முகத்தில் மாஸ்க் வேறு. குரலை வைத்து எனக்கு ஆள் தெரியும், தெரியாத மாதிரியே பில் போட்டேன். 2021 ஜனவரியில் ஆப் போயிற்று, அவர்களும் போனார்கள்.

அண்ணன் பையன் பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். ஒருநாள் அவன் அனுப்பிய போட்டோவில் இவனும் கூட்டாளிகளும் ஒரு நீண்ட வரிசையில் நின்று பல்லைக் காட்டுகிறார்கள். கிராஃப்ட் பீர் திருவிழாவாம். சின்னச் சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பீர், ஒவ்வொன்றும் ஒரு ருசி. டிக்கெட் வாங்க ஒரு வரிசை, கையில் பட்டை கட்ட ஒரு வரிசை, ஊற்றி வாங்க இன்னொன்று.

"வரிசையில நிக்கிறதையா போட்டோ எடுத்துப் போட்டிருக்க?" என்று போன் போட்டுக் கேட்டேன்.

"அத்தை, இந்த டிக்கெட் கிடைக்கிறதே பெரிய விஷயம். கிடைச்சவன் காட்டிக்க மாட்டானா?"

அமெரிக்காவில் 1982 முதல் இப்படி ஒரு பெரிய திருவிழா நடக்கிறது என்றும், அங்கே ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ்தான் ஊற்றுவார்கள் என்றும் சொன்னான். ஒரு அவுன்ஸ் சுமார் முப்பது மில்லி. முப்பது மில்லி பீருக்கு டிக்கெட், வரிசை, போட்டோ! எங்கள் கடையில் இதைச் சொன்னபோது குப்பி எடுத்துக் கொடுக்கிற அண்ணன் சிரித்த சிரிப்பில் வேலையே கொஞ்ச நேரம் நின்றது. எனக்குச் சிரிப்பைவிடப் பொறாமைதான் வந்தது. அவன் வாங்குவதும் பீர்தான், என் ஜன்னலில் வாங்குகிறவர் கேட்பதும் பல நாள் பீர்தான். அங்கே நிற்கிற நேரமே பாதிக் கொண்டாட்டம். இங்கே அதை மறைக்கவே பாதித் தெம்பு போகிறது.

போன ஓணத்துக்கு ஊருக்கு வந்தவன் "உங்க கடை வரிசையில நின்னு பார்க்கணும் அத்தை" என்றான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நின்ற உடனே போனை எடுத்து உயர்த்தியிருக்கிறான். முன்னால் நின்றவர் கோபப்படவில்லையாம். மெதுவாகத் திரும்பி, "தம்பி, அதை உள்ள வைங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திட்டிருக்கோம்" என்றிருக்கிறார். போன் பைக்குள் போனது. என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது அவனும் தலையைக் குனிந்துதான் இருந்தான். பழக்க தோஷம், "என்னென்ன பீர் இருக்கு? எது லேசா இருக்கும்?" என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்: "பேரைச் சொல்லு, காசைக் கொடு, நகரு."