சாலிய யாரு மொதல்ல அடிச்சது

நவம்பர் 9, 2024, சனி

ராத்திரி ரயில்ல ஏறினேன். ரயில்னா ஃபைனல் ஃபேன்டஸி 14ங்கற ஆன்லைன் கேம்ல ஹன்ட் ட்ரெயின், கூட்டமா போற வேட்டை. ஒருத்தர் கண்டக்டர், அவரு மேப்புல கொடி போட போட மொத்த கூட்டமும் பின்னாடியே ஓடணும், ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஒரு ஏ ரேங்க் மான்ஸ்டர் (வேட்டைக்குன்னே இருக்கற பெரிய மான்ஸ்டர்) நிக்கும், அடிச்சு முடிச்சா அடுத்த கொடி. நம்ம சர்வர் டோன்பெரி, ஜப்பான் டேட்டா சென்டர்தான், ஆனா தென்கிழக்கு ஆசியா பசங்க நெறைய. ரூல் ஒண்ணுதான், கண்டக்டர் சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. மான்ஸ்டர் அது பாட்டுக்கு நடுவுல உலாத்துது, நாங்க சுத்தி நின்னு டான்ஸ் எமோட் போட்டுட்டு இருக்கோம், எலை போட்டும் சோறு வராத பந்தி மாதிரி.

நவம்பர் 10, ஞாயிறு

மானம் போச்சு.

கடைசி ஸ்டாப் லிவிங் மெமரிங்கற ஏரியா, அங்க நிக்கறது சாலி தி ஸ்வீப்பர்ங்கற ஏ ரேங்க். நான் கொஞ்சம் முன்னாடியே போய் நின்னுட்டேன். வர்ற வழியில ஒரு சில்லறை மான்ஸ்டர் என்ன புடிச்சுகிட்டு விடாம தொரத்திட்டு வந்துச்சு, அத முடிச்சிடலாம்னு பழக்கதோஷத்துல ஏஓஇ பட்டன (ஒரு வட்டத்துக்குள்ள இருக்கற எல்லாத்தையும் ஒண்ணா அடிக்கறது) தட்டிட்டேன், அந்த வட்டத்துக்குள்ள சாலியும் இருந்தா. அவ்ளோதான். ஒருத்தன் அடிச்சதும் எல்லாரும் அடிக்க ஆரம்பிச்சாச்சு, பாதி பேரு இன்னும் லோடிங் ஸ்க்ரீன்ல, அவங்க வந்து எறங்கறதுக்குள்ள சாலி பொணம். இதுல அடிச்ச அடிக்கு ஏத்த மாதிரிதான் கூலி, அடிக்கவே முடியாதவனுக்கு ஒண்ணும் கெடையாது. ‘சுமிமாசென்’னு, அதாவது ஜப்பானிய மொழியில மன்னிச்சுக்கோங்கன்னு, நாலு தடவ டைப் பண்ணேன். கண்டக்டர் ஒரு ஸ்மைலி மட்டும் போட்டாரு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

இதுக்கு ஜப்பான்காரங்க வச்சிருக்கற பேரு ‘ஹயாசுரி’, அவசரப்பட்டு தூண்டில் போடறதுன்னு அர்த்தம். நம்மூர்ல பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லிட்டாங்க, இங்க பந்தியும் படையும் ஒண்ணாச்சே, நான் என்னதான் பண்றது.

நவம்பர் 13, புதன்

மச்சான் கிட்ட பொலம்பினேன். அவன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு இன்னொரு ஆன்லைன் கேம் ஆளு, பழைய ஆளு. “இதுக்கெல்லாமாடா மன்னிப்பு? எங்க கேமோட பழைய வடிவம் கிளாசிக்ல மொத அடி யாரு அடிச்சானோ மான்ஸ்டர் அவனோடது, மத்தவனுக்கு பேரு கிரே ஆயிடும், தேவுடு காக்க வேண்டியதுதான்”னான். ஆனா 2019ல கிளாசிக் வந்த அன்னைக்கு க்வெஸ்ட் மான்ஸ்டருக்கு ஜனங்க தானாவே வரிசை கட்டி நின்னாங்க, ரேஷன் கட க்யூ மாதிரி. அத ஞாபகப்படுத்தினதும் சிரிச்சிட்டான். புது வார்கிராஃப்ட்ல 2016ல வந்த லீஜன்ங்கற விரிவாக்கத்துலேந்து பல பேரு ஒரே மான்ஸ்டர பகிர்ந்துக்கலாம், அங்க அந்த சண்டையே அடங்கிடுச்சு.

நம்ம கேம்ல ஹன்ட் மான்ஸ்டர் ஆரம்பத்துலேந்தே பகிர்வுதான், அப்பயும் 2014 ஜூலைல 2.3 பேட்ச்ல ஹன்ட் வந்த புதுசுல ஒரே அடிதடி, மான்ஸ்டர் சில செகண்ட்ல காலி, சேட் பூரா வசவு. அதனால பகிர்ந்து குடுத்துட்டா மரியாத தானா வந்துடும்னு நான் நம்பல. ‘உன்னோடதா என்னோடதா’ங்கற சண்ட போய் ‘ஏன்டா காத்திருக்கல’ன்னு ஆச்சு, அவ்ளோதான்.

நவம்பர் 17, ஞாயிறு

கேம்ல சென்ட்ரல் ஷ்ரவுட்ங்கற ஏரியால மழ. லைடெரோனெட்னு ஒரு எஸ் ரேங்க் (ஏ ரேங்க விட அபூர்வமான மான்ஸ்டர்), தொடர்ந்து 30 நிமிஷம் மழ பேஞ்சாதான் வரும். ஒரு வானிலையே 23 நிமிஷம் சொச்சம்தான், அப்ப அடுத்தடுத்து ரெண்டு மழ விழணும். விழுந்துச்சு, வந்துச்சு. கண்டுபுடிச்ச ஆளு அஞ்சு நிமிஷம் டைம் குடுத்தாரு. நாலாவது நிமிஷத்துல யாரோ ‘வேற சர்வர்லேந்து வரேன், க்யூல இருக்கேன், ப்ளீஸ்’னு போட்டாங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் கூட்டினாரு. யாரும் முணுமுணுக்கல.

நான் ஏஓஇ பட்டன ஹாட்பார்லேந்து தூக்கிட்டுதான் போய் நின்னேன்.