50-50 பார்ட்னர்ஷிப் வெச்சிருக்கீங்களா? எஸ்பிஐஆர் அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் அவார்டு நோட்டீஸ் வந்துச்சு. எஸ்பிஐஆர்ங்கறது சின்ன கம்பெனிங்க புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க அமெரிக்க அரசு குடுக்கற கிராண்ட். எங்களுக்கு வந்தது நைடிலரோடது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அரசு அமைப்பு அது. ஃபேஸ் ஒன், அதாவது மொதல் கட்டம், 6 மாசம், 1,00,000 டாலர் வரைக்கும். மெயிலைப் பாத்துட்டு நானும் வீட்டம்மாவும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. இதுக்கு நடுவுல ரெண்டு வருஷம், ரெண்டு அப்ளிகேஷன் போயிருக்கு. இங்க அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்காக ஏதாவது செஞ்சிட்டிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, நான் மாட்டுன இடத்துல நீங்களும் மாட்டக்கூடாது, அதுக்குத்தான் எழுதறேன்.

நாங்க செய்யறது வீல்சேர்ல போடற சென்சார் மேட். என் தம்பிக்கு பைக் ஆக்சிடெண்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஒரே எடத்துல அழுத்தம் விழுந்தா வலிக்காது, வலிக்காததால நகர மாட்டான், புண்ணு வந்து ஆழமா போனப்புறம்தான் தெரியும். எங்க அழுத்தம் அதிகமாகுதுன்னு மேட் சொல்லணும், அவ்ளோதான் ஐடியா.

மொதல் அடியே கம்பெனி ஷேர்ல விழுந்துச்சு. எனக்கு கிரீன் கார்டு, பார்ட்னர் ஹெச்1பி வேலை விசா. மதுரைக்காரன், என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவான், ஆளுக்குப் பாதின்னு எழுதி வெச்சிருந்தோம். எஸ்பிஐஆர் ரூல் என்னன்னா கம்பெனி 50 சதவீதத்துக்கு மேல அமெரிக்க சிட்டிசனுங்க அல்லது கிரீன் கார்டு ஆளுங்க கையில இருக்கணும். மேல. சரியா 50 இருந்தா செல்லாது. இதை டெட்லைனுக்கு 5 வாரம் இருக்கறப்பதான் கவனிச்சேன். அவன்கிட்ட போய் உன் பங்குல கொஞ்சம் எனக்குக் குடுன்னு எப்படிக் கேக்கறது? ரெண்டு நாள் தூங்கல. கடைசில கேட்டப்ப, "இதுக்கா அண்ணே மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க, மொதல்ல பேப்பரை மாத்துங்க, கார்டு வந்ததும் பாத்துக்கலாம்"னான். 60-40னு மாத்துனோம். இந்தியாவுல பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு கியூ எவ்ளோ நீளம்னு உங்களுக்கே தெரியும், அவன் அப்படிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

கூடவே இன்னொண்ணு. பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டரா, அதாவது ஆராய்ச்சிக்குத் தலைமையா, பேர் போடறவர் அவார்டு ஆரம்பிக்கும்போது பாதி நேரத்துக்கு மேல நம்ம கம்பெனிக்கு வேலை பாக்கணும். அவன் ஹெச்1பில வேற கம்பெனி, அவனால முடியாது. அப்ப நான்தான், அதாவது கிராண்ட் வந்தா என் வேலையை விடணும். வீட்டுல இதை முன்னாடியே பேசிடுங்க, அவார்டு வந்தப்புறம் பேசற விஷயம் இல்ல இது.

அடுத்தது சாம் டாட் கவ் ரெஜிஸ்ட்ரேஷன், அரசு கிராண்ட் வாங்கற கம்பெனிங்க பதிய வேண்டிய கவர்மெண்ட் சைட். மொதல்ல பழைய யூடியூப் வீடியோ ஒண்ணைப் பாத்துட்டு டன்ஸ் நம்பர்னு கம்பெனியை அடையாளம் காட்டற பழைய நம்பரை வாங்கறேன்னு ஒரு நாள் வேஸ்ட். 2022 ஏப்ரல்லயே அது போயாச்சு, இப்ப அதுக்குப் பதிலா யூஇஐ நம்பர்தான், அது சாம்லயே கிடைக்கும். அப்புறம் எங்க டாக்குமெண்ட் திரும்பித் திரும்பி வந்துச்சு. தப்பு எங்க மேலதான். ஸ்டேட்ல பதிஞ்ச பேர்ல எல்எல்சிக்கு முன்னாடி கமா இருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல கமாவும் இல்ல, எல்எல்சியும் இல்ல, அட்ரஸ் நாங்க காலி பண்ணுன பழைய அபார்ட்மெண்ட். பேரும் அட்ரஸும் ஒரே பேப்பர்ல ஒண்ணா இருக்கணும்ங்கறது எனக்குப் புரியவே 3 வாரம். எங்க ஏரியா அபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர்ல, சின்ன கம்பெனிங்களுக்கு இந்த மாதிரி அரசு வேலைகள்ல உதவற ஆபீஸ் அது, ஒரு அம்மா எல்லாத்தையும் மேசைல பரப்பி வெச்சு 10 நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. அங்க உதவி இலவசம், நேரா போயிடுங்க. சாம் ரெஜிஸ்ட்ரேஷனும் இலவசம்தான். பதிஞ்ச மறுநாள்லேர்ந்து பணம் கட்டுங்க இல்லன்னா கேன்சல் ஆயிடும்னு போன் மேல போன் வரும், மெயில் வரும், பாக்க கவர்மெண்ட் மாதிரியே இருக்கும். ஒரு பைசா குடுத்துடாதீங்க.

யுனிவர்சிட்டி கதை தனி. ஒரு ப்ரொஃபஸர் லேப்ல டெஸ்டிங் பண்ணித் தர்றேன்னார், தங்கமான மனுஷன். ஆனா அங்க கிராண்ட் ஆபீஸ்ல இருந்தவர் மூணு வாரம் பதிலே போடல, அப்புறம் அனுப்புன பட்ஜெட்டைப் பாத்தா 45,000 டாலர். ஃபேஸ் ஒன்ல மூணுல ரெண்டு பங்கு வேலை நம்ம கம்பெனிதான் செய்யணும், வெளிய மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, இதை எடுத்துச் சொன்னா "எங்க ஓவர்ஹெட் ரேட்டைக் குறைக்க முடியாது"ன்னு ஒரே வரி. ஓவர்ஹெட்னா நிர்வாகச் செலவுக்குன்னு யுனிவர்சிட்டி மேல போடற சதவீதம். ரேட்டைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீங்க, நடக்காது. வேலையைக் குறைங்க. நாங்க பாதி டெஸ்டிங்கை எங்க பக்கம் எடுத்துக்கிட்டு 28,000க்கு கொண்டு வந்தோம்.

இவ்வளவும் பண்ணி மொதல் தடவை கிடைக்கல. ரிவ்யூ கமெண்ட்ஸ் வந்துச்சு, படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. டெக்னாலஜியைப் பத்தி ஒரு குறையும் இல்ல. வீல்சேர்ல இருக்கறவங்க டெஸ்ட் பண்ண மட்டும்தான் வர்றாங்க, டிசைன்ல அவங்க எங்கன்னு கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்வி. என் தம்பிக்காக ஆரம்பிச்ச விஷயத்துல தம்பி மாதிரி ஒருத்தரைக்கூட உக்கார வெச்சுக் கேக்கல நான். ரெண்டாவது தடவை 20 வருஷமா வீல்சேர்ல இருக்கற ஒருத்தரைச் சம்பளம் போட்டு டீம்லயே சேத்தோம். வந்த மொத நாளே அலாரம் சத்தத்தை எடுக்கச் சொன்னார். மீட்டிங்ல, சர்ச்ல எல்லார் முன்னாடியும் கத்துனா ஆஃப் பண்ணிப் போட்டுடுவேன், தொடை உணராது, கைக்கு வைப்ரேஷன் குடுன்னார். ஒரு வருஷமா ஸ்பீக்கரை நல்லா கேக்கற மாதிரி பண்ணிட்டிருந்தேன் நான். மனுஷங்களை வெச்சு டெஸ்ட் பண்ண ஐஆர்பி அப்ரூவல் வேணும், அதாவது கலந்துக்கறவங்களுக்குப் பாதுகாப்பான்னு பாக்கற குழுவோட அனுமதி, சின்ன கம்பெனிக்கு வெளிய காசு கட்டித்தான் வாங்கணும், அதையும் பட்ஜெட்லயே போட்டுடுங்க.

கடைசி நாள் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. சாம்ல ஈபிஸ் காண்டாக்ட்னு கம்பெனி சார்பா ஒரு ஆளைப் போடணும், அதுக்கு பார்ட்னர் மெயிலைக் குடுத்திருந்தேன். அப்ளிகேஷன் போடற கிராண்ட்ஸ் டாட் கவ் சைட்ல சப்மிட் பண்ற உரிமையை எனக்கு அவன்தான் குடுக்கணும், அது இல்லாம அந்த பட்டன் எனக்கு வேலையே செய்யல. அவன் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு மதுரைல இருக்கான். லாகின் கோடு அவனோட அமெரிக்க நம்பருக்கு வருது, அந்த சிம் பெட்டிக்குள்ள. எங்களுக்கு ராத்திரி 11:59 டெட்லைன்னா அங்க மறுநாள் காலைல 9:29, முகூர்த்த நேரம். மண்டபத்துல இருந்து ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போய், சிம்மை மாத்தி, 8:40க்கு கோடு வந்துச்சு. உரிமை வந்ததும் சப்மிட் பண்ணேன், ஃபைல் பேர்ல ஸ்பெஷல் கேரக்டர் இருக்குன்னு எரர். பேரை மாத்தி திரும்பப் போட்டேன். 11:31க்கு ரிசீவ்டு.

தாலி கட்டறதை அவன் பாக்கல. அவங்க அக்காகிட்ட நானே போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "பணம் கிடைச்சா சரி தம்பி, ஆனா அடுத்த தடவை உன் பேரையே போட்டுக்க"ன்னாங்க. போட்டாச்சு.