பிரோவோவில் முதல் வாரங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எங்கள் எதிர்வீட்டில் வளர்ந்த 18 வயது இளைஞன், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் இரண்டாண்டு சமயப் பரப்பு ஊழியத்துக்கு முன்னதான பயிற்சிக்காகப் பிரோவோ நகரிலுள்ள மையத்துக்குச் சென்று இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. 50க்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படும் அந்த மையத்தில் அவன் போர்த்துகீசியம் கற்கிறான். அடுத்துச் செல்லவிருப்பது பிரேசில். கறுப்புப் பெயர்ப்பட்டையில் மூப்பர் என்று பொருள்படும் ‘எல்டர்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரே இருப்பதால், அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் அழைப்பதில்லை.

மொழியைவிட அவனுக்குக் கடினமாக இருப்பது, சபை நியமித்த தோழரைவிட்டு எந்நேரமும் பிரியக் கூடாது என்ற விதிதான். சிறு வயதிலிருந்தே தனியறையில் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை அவன். முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து, தெரிந்த சில சொற்களை வைத்துக்கொண்டு, ஆசிரியரையே சபைக்குப் புதியவராகப் பாவித்துப் போதிக்க வேண்டியிருந்ததாம். அந்தத் துணிவை நான் மனமார மதிக்கிறேன்.

2019 பிப்ரவரிக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாருடன் பேச முடியும். இப்போது வாரந்தோறும், சொந்த வேலைகளுக்கென விடப்படும் ‘ஆயத்த நாளில்’ அழைக்கலாம். நேற்று அவன் அழைத்தபோது நானும் அவன் தாயின் அருகில் இருந்தேன். போர்த்துகீசியத்தில் தட்டுத்தடுமாறி அவன் செய்த பிரார்த்தனையில் எங்களுக்குப் புரிந்தவை, தம்பி தங்கைகளின் பெயர்கள் மட்டுமே.